இலேசான தோட்டாவுக்காகத் துப்பாக்கியைச் சரிசெய்து தருவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னில் 24 கிராம், 28 கிராம் ரவை (சிறு ஈயக் குண்டுகள்) கொண்ட இலேசான தோட்டாக்களைப் போட்டுக் களிமண் தட்டுகளைச் சுடுகிறவர்கள், துப்பாக்கி சரியாக இயங்கவில்லை என்று யாரிடமாவது அதை ஒப்படைப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். வாயுவின் அழுத்தத்தால் இயங்கும் என் 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கியை வாங்கிக்கொண்ட ஒரு பழுதுபார்ப்பவர், வெடிப்பின் வாயுவில் ஒரு பங்கைத் துப்பாக்கியை இயக்க வெளியே விடும் குழலிலுள்ள வாயுத் துளைகளை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெரிதாக்கி, பின்னே போன உறுப்புகளை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கையும் வெட்டிக் குறைத்து, உண்மையான குறையை மட்டும் தொடாமல் விட்டுத் திருப்பித் தந்தார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் செய்த வேலையைப் பலரும் செய்கிறார்கள் என்பதால், வேலை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

குறை இதுதான். 32 கிராம் தோட்டாவில் துப்பாக்கி ஒழுங்காக இயங்கியது. 24 கிராம் போட்டால் காலித் தோட்டா வெளியே விழும், ஆனால் அடுத்த தோட்டா மேலே ஏறாது. சில நேரம் காலித் தோட்டாவே அது வெளியேறும் பக்கத் திறப்பில் பாதியில் சிக்கி நிற்கும். இரட்டைத் தட்டுகள் பறக்கும் சுற்றில் இரண்டாவது தட்டு கைவிட்டுப் போகும். குழலின் பின்புறத்தைப் பூட்டி, சுட்டதும் பின்னே போய்க் காலித் தோட்டாவை வெளியே எடுக்கும் போல்ட் முழுத் தூரம் பின்னே போகவில்லை என்பதற்கு இது தெளிவான அடையாளம். ஒரே வேகத்தில் புறப்படும் 24 கிராம் ஈய ரவையின் உந்தம், 32 கிராம் ரவையின் உந்தத்தில் முக்கால் பங்குதான். போல்ட்டைப் பின்னே செலுத்தும் பிஸ்டனைத் தள்ளுவதற்குக் கிடைக்கும் வாயுவும் பொதுவாக அதற்கேற்பக் குறைவு. கனமான தோட்டாவில் வெளியே தெரியாத உராய்வும் அழுக்கும் தேய்மானமும் இலேசான தோட்டாவில் வெளிப்பட்டுவிடும். பறக்கும் தட்டுகளைச் சுடும் ஒலிம்பிக் ட்ராப், ஸ்கீட் போட்டிகளில் ரவையின் எடைக்கு 24 கிராமே வரம்பு என்பதால், அந்தத் தோட்டாவிலேயே பழக விரும்புகிறவருக்கு இது ஒதுக்கிவிடக்கூடிய குறையும் அல்ல.

அந்த மனிதர் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தவுடனே, தோளில் வைக்கும் கட்டையைக்கூடக் கழற்றாமல், "இந்த வகைத் துப்பாக்கிகளுக்கே வாயுத் துளை சிறியது, நான் சரிசெய்து தருகிறேன்" என்றார். எப்படிச் சரிசெய்வார் என்று கேட்டதற்கு, பிஸ்டனையும் அதன் வளையங்களையும் பார்ப்பதாக மட்டுமே சொன்னார். எந்தத் தோட்டாவில் இயங்க வேண்டும் என்பதில் ஐயம் வரக்கூடாது என்பதற்காக, நான் வழக்கமாகச் சுடும் 24 கிராம் தோட்டாப் பெட்டி ஒன்றையும் துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுத்திருந்தேன். துப்பாக்கி திரும்பி வந்தபோது, நன்றாகச் சுட்டுச் சோதித்தாயிற்று என்று உறுதி கூறினார். தோட்டாப் பெட்டியோ ஒட்டுக்கூடப் பிரிக்கப்படாமல் அப்படியே வந்தது. எதைச் சுட்டுச் சோதித்தீர்கள் என்று கேட்ட பிறகே, தன்னிடமிருந்த கனமான வேட்டைத் தோட்டாக்களைச் சுட்டதாக ஒப்புக்கொண்டார். குறை இருந்தபோதே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வகைத் தோட்டாவைச் சுட்டுவிட்டுச் சோதனை என்று சொல்வது ஏமாற்று அன்றி வேறில்லை.

அதன்பின் நடந்தது முதலில் இருந்த குறையைவிட மோசம். 24 கிராம் தோட்டாவில் தடங்கல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. 32 கிராம் போட்டால் போல்ட், தான் ஓடும் உறையான ரிசீவரின் பின்சுவரில் அறைந்தது. காலித் தோட்டாக்கள் முன்பைவிட மிகத் தொலைவில் போய் விழுந்தன. போல்ட் கைப்பிடியே ஒருமுறை கழன்று தெறித்தது. ஸ்பிரிங் வெட்டப்பட்டிருந்ததால், புதிய தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னே வரும் போல்ட் சில சமயம் முழுதாகப் பூட்டிக்கொள்ளாமல் நின்றது. விசையை இழுத்தால் வெடிக்கவில்லை. இது வெறும் தொல்லை அல்ல. விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா சற்றுத் தாமதித்து வெடிக்கக்கூடும் என்பதால், குழலை இலக்குத் திசையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்துதான் அதை வெளியே எடுக்க வேண்டும். சுடுதளத்தில் பக்கத்தில் மற்றவர்கள் நிற்கும்போது அப்படிப்பட்ட நிலையை ஒருவர் தன் கைவேலையால் உண்டாக்கித் தருவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேறொரு பழுதுபார்ப்பவர் கட்டையைக் கழற்றியதும் உண்மை தெரிந்துவிட்டது. என் துப்பாக்கியில் ரீகாயில் ஸ்பிரிங் கட்டைக்குள் இருக்கும் ஒரு குழாயில் அடங்கியிருக்கிறது. அந்தக் குழாயின் உட்புறம் துருவேறி, பழைய எண்ணெய் பிசினாக இறுகி, ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் உரசிக்கொண்டுதான் சுருங்கியிருக்கிறது. வெட்டப்பட்ட ஸ்பிரிங்கும் அதே துருவுக்குள்தான் திரும்பப் போடப்பட்டிருந்தது. குழாயைச் சுத்தம் செய்து, தயாரிப்பாளரின் புதிய ஸ்பிரிங்கைப் போட்டதும் 24 கிராம் தோட்டா தடையின்றி ஓடியது. ஆனால் துளைகள் பெரிதாகிவிட்டதால் போல்ட்டின் வேகம் தேவைக்கு மீறியே இருந்தது. அப்படியே தொடர்ந்து சுட்டால் ரிசீவரும் போல்ட்டும் அடிபட்டு விரிசல் விடலாம். குழலில் துளைத்து எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க வழியில்லை. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் பற்றவைத்து அடைப்பதை அவர் ஏற்கவும் இல்லை. குழலையே மாற்ற வேண்டியதாயிற்று. முதலாமவரிடம் இழப்பீடு கேட்டபோது, இலேசான தோட்டாவில் ஓட வேண்டும் என்று கேட்டது நீங்கள்தானே என்று கைவிரித்தார்.

ஆகவே யாரிடமாவது கொடுப்பதற்கு முன், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கையால் மெதுவாகப் பின்னே இழுத்துப் பாருங்கள். எங்காவது கரகரப்போ இழுவையோ தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் ஸ்பிரிங் குழாயும் போல்ட் சறுக்கி ஓடும் தண்டவாளங்களும்தான். பிஸ்டனிலும், தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் மேகசின் குழாயின் வெளிப்புறத்திலும் படியும் கரி, தேய்ந்த அல்லது தலைகீழாக மாட்டப்பட்ட வளையங்கள், அடைத்துப்போன வாயுத் துளைகள் ஆகியவை அடுத்து வருபவை. துளையில் அடைத்த கரியை நீக்குவது வேறு, துளையைப் பெரிதாக்குவது முற்றிலும் வேறு. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 போன்ற துப்பாக்கிகளில் ஒரு சிறிய ரப்பர் வளையம் வாயு கசியாமல் காக்கிறது. அது கிழிந்தாலே இலேசான தோட்டா ஓடாது. அதே துப்பாக்கிக்கு 76 மி.மீ. நீளமுள்ள, கூடுதல் வலுவான மேக்னம் தோட்டாவுக்கான குழலை மாட்டியிருந்தால், அதன் துளைகள் கனமான தோட்டாவுக்காக அளவிடப்பட்டவை என்பதால், 70 மி.மீ. இலேசான தோட்டாவில் தடுமாறுவது இயல்பு; அதற்கு உரிய தீர்வு பொருத்தமான குழல், துரப்பணம் அல்ல. சில மலிவான தோட்டாக்களின் எஃகு அடிப்பகுதி, குழலில் தோட்டா அமரும் அறை சொரசொரப்பாக இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு வெளிவர மறுக்கும். வேறு வகைத் தோட்டா ஒரு பெட்டி சுட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். புதிய துப்பாக்கியாக இருந்தால், முதலில் கனமான தோட்டாக்களைச் சுட்டு உறுப்புகளைப் பழக்கச் சொல்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள்.

எல்லாத் துப்பாக்கியும் வாயுவில் இயங்குவதும் இல்லை. பெனெல்லி நிறுவனத்தின் பல துப்பாக்கிகளைப் போன்ற இனர்ஷியா (நிலைமம்) வகையில் வாயுத் துளையே கிடையாது. துப்பாக்கி பின்னோக்கி உதைப்பதுதான் அதை இயக்குகிறது. அதனால் கூடுதல் எடை மாட்டினாலோ, தோளில் தளர்வாகப் பிடித்தாலோ இலேசான தோட்டாவில் தடங்கல் வரும். பிரௌனிங் ஆட்டோ-5இல் குழலே பின்னே நகர்கிறது; கனமான தோட்டாவுக்கும் இலேசான தோட்டாவுக்கும் அந்த நகர்வை மட்டுப்படுத்தும் உராய்வு வளையங்களை மாற்றி அடுக்குவதற்கு அதன் வடிவமைப்பிலேயே இடம் உண்டு. முந்தைய உரிமையாளர் கனமான தோட்டாவுக்காக அடுக்கியதை அப்படியே விட்டுவிட்டு, துப்பாக்கி கெட்டுவிட்டது என்று எண்ணுபவர்கள் பலர். எந்த வகை என்று கேட்டறியாமலே தீர்வு சொல்கிறவரை அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

கொடுக்க வேண்டியே வந்தால், எழுதி வாங்குங்கள்: எந்த உறுப்பைக் கழற்றுவார், என் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் எந்த உலோகத்தையும் அராவவோ துளைக்கவோ வெட்டவோ மாட்டார், கழற்றிய பழைய உறுப்புகளைத் திருப்பித் தருவார், நான் கொடுக்கும் தோட்டாவிலேயே சுட்டுச் சோதிப்பார் என்பவை அதில் இருக்கட்டும். கொடுக்கும் முன் வாயுத் துளைகளையும் ஸ்பிரிங்கையும் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுட்ட காலித் தோட்டாக்களையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கொடுத்த பெட்டியிலிருந்து வந்தவைதானா என்பதை அவற்றின் அடியிலுள்ள முத்திரையே காட்டிவிடும்.