வாள் வீச ஒரு விநாடி, கணக்குப் பார்க்க இருபது நிமிடம்

ஒரு சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குத் தொடங்கிய சண்டை பதினொன்றரைக்குத்தான் முடிந்தது. எங்கள் பக்கம் நாலு பேர், எதிரே பாலத்தில் வழிமறித்த கொள்ளையர் ஐந்து பேர். முடிந்த பிறகு முறைகளை எண்ணிப் பார்த்தால், விளையாட்டுக்குள்ளே கழிந்தது மொத்தம் 14 விநாடி. அந்த 14 விநாடிக்குள் இங்கே தேநீர் இரண்டு தரம் ஆறிப்போனது, ஒருவன் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டான்.

தெரியாதவர்களுக்கு: மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடும் கற்பனை உலக விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார் (எங்கள் குழுவில் அது நான்), மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம், வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதே, அப்போது மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் லாம்பு வெளிச்சத்தில் தொடங்கினோம், இன்னும் விடவில்லை. எங்கள் உலகத்தில் டிராகன் குறைவு. வாவி இருக்கிறது, வாவிக்குள்ளே என்னவோ இருக்கிறது, கரையில் ஒரு போடியாரும் (பெரிய வயல்காரர்) அவருடைய வயலும் இருக்கிறார்கள். அது போதும்.

முதலில் பிடித்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைத்தன. அதற்கு வேண்டிய இருபது முகக் கட்டை இங்கே எங்கள் கண்ணில் படவில்லை, அதனால் போனில் உருட்டினோம், சார்ஜ் முடிந்த இடத்தில் சண்டையும் முடிந்தது. விளையாட இலகு, அதில் குறை சொல்ல முடியாது, ஒரு மாதத்தில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. பிடிபட்ட பிறகுதான் பிரச்சினை. ஐந்தாம் லெவல் வீரன் ஒருவனுக்கு 44 ஹிட் பாயிண்ட், அதாவது அடி வாங்க வாங்கக் குறைகிற எண். நூறடி உயரத்திலிருந்து விழுந்தால் பத்து ஆறுமுகக் கட்டை உருட்டி வருகிற அளவு குறையும், சராசரி 35. அதாவது முகத்துவாரம் வெளிச்சவீட்டு உயரத்திலிருந்து குதித்தாலும் பெரும்பாலும் எழும்பி நடப்பான். எங்கள் மச்சான் ஒருவன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, படியால் இறங்க நேரமில்லை என்று கோபுரத்திலிருந்து உண்மையாகவே குதித்தான். அப்புறம் எட்டு மணித்தியாலம் படுத்தான். காலையில் பழையபடி 44. மிச்சம் ஒரேயொரு பாயிண்ட் இருந்தாலும் அவன் வாள் வீசுவது முழுசாக இருந்தபோது வீசியது மாதிரியேதான், ஒரு முனகல்கூட இல்லை.

இதை முட்டாள்தனம் என்று சொல்லுவது சுலபம், நானும் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். ஆனால் இந்த ஹிட் பாயிண்ட் எங்கிருந்து வந்தது என்று தேடினால் வேறு கதை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்புக்குப் பின்னால் இருந்தது பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டு. அதில் ஒரு அடி பட்டால் ஒரு ஆள் போனான். படையாக இருக்கும்வரை சரி, ஆளுக்கொரு பாத்திரம் என்று வந்த பிறகு ஒரே அடியில் சாக யாருக்கும் மனமில்லை, அதற்காக ஆர்னசன் கொண்டுவந்த வழி இது. கைகாக்ஸே 1979 புத்தகத்தில், இந்த எண் முழுக்க உடம்பு இல்லை, திறமை, அதிர்ஷ்டம், தெய்வக் காப்பு எல்லாம் சேர்ந்தது என்றுதான் விளக்கினார். அம்புப் படுக்கையில் கிடந்து தருமம் உபதேசித்த பீஷ்மரைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அவ்வளவு புதிசில்லை.

ஆனாலும் எனக்கு அரிப்பு அடங்கவில்லை. 2023இல் கேர்ப்ஸ் என்ற இன்னொரு விளையாட்டுக்கு மாறினோம், ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986இல் தொடங்கியது, 32 பக்கச் சுருக்கம் இலவசம். உள்ளதைச் சொன்னால் பெரிய காரணம் மூன்று ஆறுமுகக் கட்டை போதும் என்பது. மூன்று லூடோப் பெட்டி வாங்கினோம், வேலை முடிந்தது. இங்கே ஒரு முறை என்பது ஒரு விநாடி. அடிக்கிறவர் உருட்டுவார், பட்டால் மற்றவர் தடுக்க உருட்டுவார், தடுக்க முடியாவிட்டால் எங்கே பட்டது, கவசம் எவ்வளவு தாங்கியது, மிச்சம் எவ்வளவு, வெட்டுக் காயமென்றால் அதை ஒன்றரையால் பெருக்கு. சாதாரண மனிதனுக்குப் பத்துப் பாயிண்ட்தான். பலசாலி ஒருவன் வாளால் ஒழுங்காக ஒரு வெட்டு வைத்தால் கவசமில்லாதவன் கதை அநேகமாக முடிந்தது. காயம் பட்டவனுக்கு அடுத்த முறை கை நடுங்கும், திறமையில் நாலு புள்ளி வரை குறையும்.

முதல் மாதம் எனக்குச் சொர்க்கம். கோபுரத்திலிருந்து குதித்தவன் இப்போது மதிலேறவே யோசித்தான். இரண்டாம் மாதம் ஆட்கள் தேறத் தேறச் சண்டை நீளத் தொடங்கியது. இரண்டு பக்கமும் திறமை 12 என்றால் ஒரு வீச்சு உடம்பில் விழ வாய்ப்பு 47 வீதம். இரண்டு பக்கமும் 16 ஆனால் அது 43க்கு இறங்குகிறது, ஏனென்றால் தடுப்பும் கூடவே ஏறுகிறது. இரண்டு கெட்டிக்காரர் மோதினால் பாதி வீச்சுக்கு மேல் காற்றில். நிசத்தில் அப்படித்தான் இருக்கும் என்று வாதாடலாம், ஆனால் ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் நான் இரண்டு தரம் கட்டை உருட்ட வேண்டும். முழுப் புத்தகத்தில் ஏமாற்று வீச்சு என்றொரு விதி இருக்கிறது, அடிக்கிற திறமையில் நாலைக் குறைத்தால் எதிராளியின் தடுப்பில் இரண்டு குறையும், அந்த 43 திரும்ப 47 ஆகிவிடும். அதைக் கவனிக்காமல் ஐந்து மாதம் விளையாடியது என் பிழைதான். பாலத்துச் சண்டை அந்த ஐந்து மாதத்துக்குள் நடந்தது.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி வைத்தியசாலையில் தாதி. நான் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு தொடையில் காயம், விழாமல் இருக்க உருட்டு என்று சொன்னபோது அவள் கேட்டாள்: “என்னகா இது, நாங்க பார்க்காத காயமா? கத்திக்குத்தோட தானே நடந்து வந்து பேரும் விலாசமும் சொல்ற ஆளும் இரிக்கி, விரல் கிழிஞ்சதைப் பாத்திட்டு மயங்கி விழுற ஆளும் இரிக்கி. உங்கட அட்டவணை யாரைப் பாத்து எழுதினது?” பதில் என்னிடம் இல்லை. அட்டவணை நீளமாக இருந்தால் அது உண்மைக்குக் கிட்ட என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இடையில் மூன்று மாதம் ரூன்குவெஸ்ட் என்ற வேறொரு விளையாட்டு. 1978இல் வந்தது, எழுதியவர்களில் முக்கியமானவர் ஸ்டீவ் பெரின், கவசம் போட்டு மோதிப் பழகும் சங்கத்தில் இருந்தவர், அந்த அனுபவம் விதிகளில் தெரிகிறது. கை, கால், வயிறு, மார்பு, தலை என்று ஏழு இடத்துக்கும் தனித்தனிப் பாயிண்ட். ஆறு கொள்ளையர் வந்தால் நாற்பத்திரண்டு கட்டம். கொப்பித் தாள் முடிந்தது, நிறுத்திவிட்டோம்.

திரும்பக் கேர்ப்ஸ். இரத்தம் வடியும் விதி ஒன்று அதில் விருப்பத்துக்கு உண்டு, ஒவ்வொரு நிமிடமும் உருட்ட வேண்டும். எங்களில் மூத்த அண்ணன் ஒருவர், வாகரைப் பக்கத்து ஆள், பெரிசாகப் பேசமாட்டார். அவருடைய பாத்திரத்தின் தோழன் விழுந்து கிடந்தபோது நான் உருட்டச் சொன்னேன். ஒரு தரம் உருட்டினார். இரண்டாம் தரம் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “தம்பி, இதுக்குக் கணக்கு வேணாம்” என்றார். எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த விதியை அன்றைக்கே அழித்துவிட்டேன், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வடமோடிக் கூத்தில் என் மாமா ஆடினவர். கரப்புடுப்பும் கிரீடமும் போட்டுக்கொண்டு மரவாளோடு இரண்டு ராசாக்கள் களரியில் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள், மத்தளம் ஏற ஏற ஆட்டம் ஏறும், சனத்துக்கு யார் சாவான் என்பது முதலே தெரியும், வாள் ஒருக்காலும் உடம்பில் படவில்லையே என்று யாரும் முறையிட்டதை நான் கேட்டதில்லை. ஆனால் தாளம் ஒரு இடத்தில் பிசகினால் பின்னாலிருக்கிற கிழவிகூடப் பிடித்துவிடுவாள். கேர்ப்ஸில் எனக்குப் பிசகியது அதுதான், தாளம்.

இப்போது திரும்ப ஐந்தாம் பதிப்பில் நிற்கிறோம், ஒரேயொரு மாற்றத்தோடு. கதை நடத்துகிறவருக்கான புத்தகத்தில் விருப்ப விதியாகவே போட்டிருக்கிறார்கள்: எட்டு மணித்தியாலம் படுப்பது சின்ன ஓய்வு, முழு ஓய்வுக்கு ஏழு நாள். சண்டைக்குள்ளே ஒரு எழுத்தும் மாறவில்லை, அதே 44, அதே ஒரு உருட்டு, அரை மணித்தியாலத்தில் சண்டை முடிகிறது. ஆனால் சண்டைக்குப் போகிற விதம் தலைகீழ். ஒரு கிழமை படுத்தால் யார் சோறு தருவது, அதற்குள் சூடடிப்பு முடிந்துவிடுமே, போடியார் கூலி தருவாரா? பாலத்துக் கொள்ளையரிடம் இந்தத் தரம் பேசினார்கள். பேரம் பேசி ஆளுக்கு மூன்று வெள்ளி கொடுத்துக் கடந்தார்கள். அட்டவணை எல்லாம் வைத்து ஐந்து மாதம் நான் கொண்டுவரப் பார்த்த பயம் இப்படி வந்து சேர்ந்தது.

குறை இல்லாமலில்லை. மந்திரவாதி எடுத்தவருக்கு இந்த விதி சரியான கஷ்டம், மந்திரத்தை ஒருதரம் செலவழித்தால் அநேகமானவை ஒரு கிழமைக்குத் திரும்பாது, அவர் எங்களோடு இரண்டு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. சமாதானத்துக்கு ஒரு மருத்துவச்சியைக் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறேன், அவளுடைய கசாயம் குடித்தால் ஏழு நாள் நாலாகும், காசு வாங்குவாள்.

தாதித் தங்கச்சியின் வீரன் போடியாரின் வாடியில் மூன்றாம் நாளாகப் படுத்திருக்கிறான், பதினொரு பாயிண்ட்டோடு. அக்கரையில் தோணிகள் சேருகிற செய்தி வந்துவிட்டது. கசாயத்துக்குக் காசில்லை, வாளை ஈடு வைக்கலாமா என்று வியாழக்கிழமை இரவு எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள்.