பழைய அண்டி ஆபீஸை வீடாக்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மாமனார் நடத்திய அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை ஆலை, கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவர், நல்ல உயரம், ஓட்டுக்கூரை. இடிக்க மனசு வரவில்லை, வீடாக மாற்றலாம் என்று முடிவெடுத்தோம். ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் வடிவமைப்புக் கட்டணமாக ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு எங்களை ஏமாற்றிவிட்டார். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் செய்த வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த குடும்பமும் அவர் காட்டும் இதே வடிவமைப்புப் படங்களைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடக் கூடாது.

படங்கள் அவ்வளவு அழகு. செங்கல் தெரிகிற சுவர், பாலிஷ் போட்ட சிமெண்ட் தரை, இரும்புத் தூண்மேல் ஒரு மச்சு (அறைக்குள்ளேயே போடும் இடைத்தட்டு), மேற்குப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. ஒரு படத்தில் ஜன்னலுக்குக் கீழே வரிவரியாக வெள்ளை இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. இது என்ன என்று கேட்டேன். "அழகுக்கு வைக்கிறது மேடம்" என்றார். கனடாவில் இருக்கும் தம்பிக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். உடனே போன் பண்ணினான். "அக்கா, அது ஹீட்டர். உள்ளே சுடுதண்ணி ஓடும், குளிர்காலத்துல ரூமைச் சூடாக்க." அப்புறம் தேடிப் பார்த்தால் அதே படம் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் அப்படியே கிடக்கிறது. எங்கள் சுவர் வெட்டுக்கல், படத்தில் இருப்பதோ செங்கல். எங்கள் கட்டடத்தை அவர் அளக்கவே இல்லை.

ஆலையை வீடாக்கும் இந்தப் பாணி நியூயார்க்கின் சோஹோ பகுதியில் பிரபலமானது. காலியான தொழிற்கூடங்களில் ஓவியர்கள் குடியேறினார்கள். அப்படிக் குடியிருப்பதை ஒழுங்குபடுத்த 1982-இல் தனிச் சட்டமே வந்தது. வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் அந்தக் கட்டடங்களுக்குப் பெரிய ஜன்னல்கள் வைத்தார்கள். அந்த ஊருக்கு அது சரி. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மேற்கே இறவாரத்தை, அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பை, வெட்டிவிட்டுக் கண்ணாடி போடச் சொன்னதைக் கேட்டதும் எங்கள் கொத்தனார் மாமா சொன்னார்: "மக்களே, ஆனி ஆடிச் சாரல் கட்டில் மேலதான் விழும்." 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்ததைப் பார்த்த ஊரில் இப்படி ஒரு யோசனையைச் சொல்ல எப்படி மனசு வந்தது? தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. சரிந்த ஓட்டுக்கூரை, நீண்டு இறங்கும் இறவாரம், காற்றை மட்டும் உள்ளே விடும் மரச்சட்ட ஜன்னல். அதைப் போய்ப் பார்த்தாலே பாதி வடிவமைப்பு கிடைத்துவிடும்.

மச்சு விஷயம் இன்னும் மோசம். எங்கள் பக்கச் சுவர் 13 அடி. கீழே வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது 9 அடி உயரம் வேண்டும். மச்சுத்தளத்தின் கனம் அரை அடி. மிச்சம் சுவரோரம் மூன்றரை அடிதான். படத்தில் அந்த இடத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டு காபி குடிக்கிறார்! இடைத்தட்டு தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, அதற்கு 2.2 மீட்டராவது உயரம் வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. இவர் பாதிக் கட்டடத்துக்கு மச்சு போட்டிருந்தார். இரும்பு உத்திரத்தைப் பழைய சுவரில் துளை போட்டுச் செருகினால் போதுமாம். அந்தச் சுவர் பாரம் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் யாரும் பார்க்கவில்லை.

அண்டி வறுத்த அறையின் சுவரைச் சுரண்டி அப்படியே விடலாம் என்றும் சொல்லியிருந்தார். அண்டித்தோட்டு எண்ணெய் (முந்திரிக்கொட்டை ஓட்டில் இருப்பது) தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும் என்பது ஆபீஸில் வேலை பார்த்த எந்த அக்காவைக் கேட்டாலும் தெரியும். கையில் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ தடவாமல் தோடு உடைக்க உட்கார மாட்டார்கள். அது ஊறிய சுவரில் பெயிண்டும் சரியாகப் பிடிக்காது. அந்த அறையைக் கழித்துவிட்டுத்தான் இப்போது யோசிக்கிறோம்.

பழைய கட்டடம்தானே, அனுமதி எதுவும் வேண்டாம் என்றதும் பொய். ஆலையை வீடாகப் பயன்படுத்த உள்ளாட்சியில் அனுமதி வாங்க வேண்டும். மின் இணைப்பையும் வீட்டு இணைப்பாக மாற்ற வேண்டும்.

1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கி, வருஷத்தோடு இருக்கும். கவுன்சில் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். எங்களுக்குக் கொடுத்த எண்ணில் வேறு ஒருவர் பெயர் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு அவர் போனை எடுப்பதில்லை.

இதே ஆளிடமோ இது போன்றவரிடமோ பணம் கொடுத்திருந்தால் வாட்ஸ்அப் செய்திகளையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காதீர்கள். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.