குரூப்பில் அரசியலும் மதமும் பேச விடலாமா? நாங்கள் போய்ப் பார்த்த நான்கு வழிகள்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள சோழர் கோயில்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் கிளம்பிப் போய்க் கல்வெட்டு படிக்கிறவர்களுக்காக 2018-ல் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். இப்போது சுமார் 180 பேர் இருக்கிறார்கள், அட்மின்களில் நானும் ஒருவன். போன மாதம் இரண்டு நண்பர்கள் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் மாடித்தோட்டக் குரூப் நடத்துகிறார், இன்னொருவர் பறவை பார்ப்பவர்களுக்கு. அரசியல், மதப் பேச்சைத் தடுப்பதா, விடுவதா? நாங்கள் எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். கடைசியாகச் சொல்லப்போகும் வழிதான் என் வழி.

முதலில் எந்த விதியும் இல்லை. 2020 பிப்ரவரி 5-ல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு வரும்வரை அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. அதற்கு முந்தைய மாதம் தமிழிலா, சமஸ்கிருதத்திலா என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் குரூப்பிலும் ராத்திரி இரண்டு மணி வரை அதே பேச்சுதான். இரண்டு மொழியிலும் நடக்கட்டும் என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்ன பிறகும் இங்கே அடங்கவில்லை, ஏனென்றால் அதற்குள் மொழியை விட்டுவிட்டு யார் எந்தச் சாதி என்பதற்கு வந்திருந்தார்கள்.

அடுத்து முழுத் தடை போட்டோம். மாடித்தோட்டத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன், கத்தரியில் மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் எவ்வளவு கலப்பது என்று கேட்கும் இடத்தில் கட்சிக்கு என்ன வேலை. எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. கல்லில் இருப்பதே மதமும் அரசியலும்தானே. பிரமதேயம் (பிராமணர்களுக்குத் தானமாக விட்ட நிலம்) என்று ஒரு சொல் வந்தால் அந்த நிலம் யாருக்குப் போனது, அதுவரை உழுதவன் என்ன ஆனான் என்று கேட்கத்தான் செய்வார்கள். பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு வந்த ஆடல் பெண்களின், பெயரும் அவர்கள் வந்த ஊரும் குடியிருந்த வீட்டு எண்ணும் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொள் என்று யாரிடம் சொல்வது? ஒரு வருஷத்தில் குரூப்பில் கோபுரப் படமும் காலை வணக்கமும் மட்டும் மிஞ்சின.

2021 தேர்தல் நேரத்தில் விவாதத்துக்கென்று தனிக் குரூப் ஒன்றையும் திறந்து பார்த்தோம். இரண்டே மாதத்தில் அது ஃபார்வர்ட் கொட்டும் இடமாகிவிட்டது, அங்கே மூண்ட கோபத்தை இங்கே கொண்டுவந்தார்கள், அட்மினுக்குக் காவல் வேலை இரட்டிப்பு. மூடிவிட்டோம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கருத்துச் சுதந்திரம், ஒற்றுமை, உறுப்பினர் எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும், சண்டை நடக்கும்போது போகிறவர் யார் என்று பாருங்கள். 2022-ல் சோழர் கதை திரைக்கு வந்த மாதங்களில், ஆர்வமாகப் பேசுகிறார்களே என்று தடையைத் தளர்த்தினோம். ராஜராஜன் இந்துவா, சைவனா என்று தமிழ்நாடே அடித்துக்கொண்ட அக்டோபர் அது. அதற்குச் சற்று முன்புதான் வாட்ஸ்அப்பில் ஒரு மாற்றம் வந்திருந்தது, ஒருவர் குரூப்பை விட்டுப் போனால் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்கு அறிவிப்பு வராது. ஒரு நாள் உறுப்பினர் பட்டியலின் அடியில், 60 நாளுக்குள் வெளியேறியவர்கள் என்று வருவதைத் திறந்தேன். 11 பேர். அதில் ஒருவர்கூட சண்டையில் ஒரு வரி எழுதியவர் இல்லை! சண்டை போட்டவர்கள் அத்தனை பேரும் உள்ளேயே இருந்தார்கள்.

அந்த 11 பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சோழர் காலக் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், கல் பொரிந்த இடத்தில் பாதி எழுத்துதான் நிற்கும். அவர் அந்த வரியைக் கூட்டிக் கூட்டி மெல்லப் பாடுவது போலப் படித்துக்கொண்டே வருவார், நாலாவது தடவை சொல் தானாகப் பிரிந்து விழும். இன்னொருவர் நாகூர்க்காரத் தம்பி. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, நிழலில் எழுத்து எழும்பும்படி படம் எடுப்பார், சுண்ணாம்போ மாவோ கல்லில் தடவவே விடமாட்டார். ஆசிரியருக்குப் போன் செய்தேன். "குரூப்பைத் திறந்தாலே நெஞ்சு படபடங்குது தம்பி, இந்த வயசுல எனக்கு எதுக்கு?" என்றார். தம்பி போனை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் இப்போதுள்ள விதி. எந்த அரசியலும் பேசலாம், எந்த மதமும் பேசலாம், ஆனால் முதலில் கல்வெட்டு வரி வேண்டும். கல்லின் படம், இல்லாவிட்டால் அச்சில் வந்த கல்வெட்டுத் தொகுதியும் அதில் அதன் எண்ணும். அந்த வரியை ஒட்டித்தான் கருத்து. இன்றைய கட்சி, தலைவர் பெயர் வந்தால் பதிவு நீக்கப்படும், காரணம் கேட்கக் கூடாது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உடையார்குடி ஒன்று போதும். காட்டுமன்னார்கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று" துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் வருகின்றன. கொல்லப்பட்டவர் ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன். இரண்டு பேருக்குப் பிரமாதிராஜன் பட்டம், அது பிராமண அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். இது போதும், எந்தக் குரூப்பும் பற்றி எரியும். எங்கள் குரூப்பிலும் ஒருவர் ஒரு சாதியையே கொலைகாரச் சாதி என்று எழுதினார். வரியைக் கேட்டோம். மறுநாள் அவரே படத்தைத் தேடிப் போட்டார், படித்து முடிக்க நாலு நாள் ஆனது. கொலைக்குக் காரணம் அதில் இல்லை. யார் தூண்டினார்கள் என்பதும் இல்லை. அவர்களுடைய, உறவுக்காரர்களுடைய சொத்தைப் பறிமுதல் செய்ய அரசன் ஊர்ச் சபைக்கு அனுப்பிய ஆணையும், அந்த வழியில் வந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயில் அறத்துக்கு விட்டதும்தான் இருக்கிறது. எழுதியவர் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாம் நாள் அவர் கேட்டது, உறவுக்காரன் சொத்தையும் பறிப்பது அந்தக் காலத்தில் வழக்கமா என்று. ஒரு மாதம் பேசினோம்.

குறையும் இருக்கிறது. எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் கை ஓங்குகிறது, புதிதாக வருகிறவர் தயங்குகிறார், அதற்காக மாதம் ஒருமுறை எழுத்துப் பயிற்சி வைக்கிறோம், போதவில்லை. முதல் இரண்டு மாதம் ராத்திரி ஒரு மணி நேரம் நீக்குவதிலேயே போனது, இப்போது பத்து நிமிஷம். ஆயிரம் பேர் உள்ள குரூப்பில் இது தாங்குமா என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை.

பறவை நண்பருக்கு என்ன சொல்வது என்பதில்தான் எனக்கு உறுதி போதவில்லை. பறவைகள் சரணாலயமான வடுவூர் ஏரிக்கு மேட்டூர்த் தண்ணீர்தான் வர வேண்டும், ஜூன் 12-ல் அணை திறக்காத வருஷம் அவர்கள் காவிரியைப் பேசாமல் இருக்க முடியாது, அது அரசியல்தான். கல்வெட்டு வரிக்குப் பதில் கணக்கெடுப்புத் தாளை வைத்துப் பார்க்கச் சொன்னேன், எந்த நாளில், எந்த ஏரியில், எத்தனை பறவை என்று எழுதிய தாள். நடத்திப் பார்த்துவிட்டு அவர்தான் சொல்ல வேண்டும்.

தமிழாசிரியர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். நாகூர்த் தம்பி இன்னும் வரவில்லை. போன வாரம் ஆனைமங்கலச் செப்பேடு படித்தோம், ராஜராஜன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஊர் கொடுத்த செப்பேடு, அவர் ஊருக்குப் பக்கத்துச் சங்கதி. படித்ததையெல்லாம் தொகுத்து அவருக்குத் தனியாக அனுப்பினேன். நீல டிக் விழுந்திருக்கிறது.