ரோட் என்டி1 மைக்: பெண் குரலுக்கு எப்படி?

மைக் விமர்சனம் என்று தேடினால் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அடித்தொண்டையில் 'செக் செக்' என்பார்கள். அந்தக் குரலுக்கு எந்த மைக்கும் நன்றாகத்தான் இருக்கும். என் குரலுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

சென்னையில் விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். சோப்பு, புடவை, குழந்தை உணவு, 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' எல்லாம் வீடு தேடி வரும். சிமென்ட், கார், பட டிரெய்லர் என்றால் மட்டும் "பேஸ் வாய்ஸ் வேணும் மேடம்", அதாவது கனத்த ஆண் குரல். சரோஜ் நாராயணசுவாமி என்ற பெண்மணி ஆகாசவாணியில் கம்பீரக் குரலில் செய்தி வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள்! இந்த வேலைகளுக்கு, யாரும் கேட்காவிட்டாலும் சாம்பிள் அனுப்பிவைப்பது என் வழக்கம். அதற்கென்று வாங்கியதுதான் ரோட் நிறுவனத்தின் இந்த ஐந்தாம் தலைமுறை என்டி1.

முக்கியமானது இதன் அமைதி. மைக்கின் சொந்த இரைச்சல் 4 டெசிபல்தான். கார் விளம்பரத்தைத் தணிந்த குரலில் வாசித்துவிட்டு, பிறகு ஒலியை ஏற்றினால் கூடவே 'உஸ்' சத்தம் ஏறுவதில்லை. நான்கு விரல் தூரத்துக்கு நெருங்கினால் கீழ்ஸ்தாயி திரண்டு வருகிறது. ஒரு சாண் தள்ளிப்போனால் காணாமல் போகிறது. எல்லா கார்டியாய்டு (முன்பக்க ஒலியை முதன்மையாகப் பிடிக்கும்) மைக்குக்கும் உள்ள குணம்தான். ஆனால் பதிவு செய்தபின் ஈக்யூவில் (ஒலியின் ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பேஸை ஏற்றி, குரலைப் பானைக்குள் போட்ட மாதிரி ஆக்குவதற்கு இது எவ்வளவோ தேவலை.

'சிறப்புச் சலுகை' என்று சொல்லிப் பாருங்கள். நேருக்கு நேர் சொன்னால் 'ச' கொஞ்சம் சீறும். மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் அடங்கிவிடும். 'புத்தம் புதிய பொலிவு' வகையறாவுக்கு, 'ப' சொல்லும்போது மைக்கில் மோதும் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் பெட்டியிலேயே இருக்கிறது. தங்கப்புள்ளி உள்ள பக்கம்தான் பேச வேண்டிய பக்கம்.

எக்ஸ்எல்ஆர் (ஸ்டுடியோ கருவிகளுக்கான இணைப்பு), யுஎஸ்பி (நேராகக் கணினிக்கு) இரண்டிலும் இணைக்கலாம். யுஎஸ்பியில், மிகச் சத்தமானதையும் மிக மெல்லியதையும் சேர்த்துத் தாங்கும் 32-பிட் ஃப்ளோட் பதிவு உண்டு. மென்பொருளிலும் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். டிரெய்லருக்காகக் கத்திவிட்டு அடுத்த வரியைக் கிசுகிசுத்தாலும் ஒலி உடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு 'சின்ன கரெக்ஷன்' என்று போன் வந்தால், சாலிகிராமத்து ஸ்டுடியோவுக்கு ஆட்டோ தேடாமல், வீட்டில் துணி அலமாரிக்குள் உட்கார்ந்தே முடித்து அனுப்பலாம். எனக்கு விலை நியாயமாகத் தோன்றியது இந்த ஒரு காரணத்தால்தான். விலை இருபதாயிரத்தைத் தாண்டும்.

குறைகள்? ஹெட்போன் செருக இடமில்லை. அடிச்சத்தத்தை வெட்டும் சுவிட்சும் கிடையாது. மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக் என்பதால் தெருவில் போகும் தண்ணீர் லாரி, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் உங்களோடு சேர்ந்து வாசிக்கும். அறையைச் சரிசெய்யாமல் வாங்காதீர்கள். அப்புறம், ஸ்டாண்டு தனி. மைக் நல்ல கனம். மலிவான ஸ்டாண்டில் மாட்டினால் மெல்லத் தலை குனிந்துவிடும், உறுதியானதாகப் பார்த்து வாங்குங்கள்.