கிட்டப்பார்வைக் குழந்தைக்குச் சொட்டு மருந்தா, சிறப்புக் கண்ணாடியா, இரவு லென்ஸா?

ஏழெட்டு வயதில் மைனஸ் ஒன்றரையில் தொடங்கிய கண்ணாடிப் பவர் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகும்போது, பெற்றோருக்கு இன்று மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: இரவில் இடும் அட்ரோபின் சொட்டு மருந்து, பவர் ஏறுவதை மட்டுப்படுத்தவென்றே செய்யப்பட்ட கண்ணாடி, கருவிழி மேல் பொருத்தும் லென்ஸ். இவற்றை எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறோம் என்பதே முதல் கேள்வி. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் முன்பின்னாக நீள்வதால் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் பவர் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) வரை கூடும். பிற்காலத்தில் விழித்திரை விலகுவதற்கும் மையப் பார்வை சிதைவதற்கும் வழிவகுப்பது இந்த நீட்சிதான். ஆகவே, சீட்டில் எழுதப்படும் எண்ணைவிடக் கண்ணின் நீளத்தை எது கட்டுப்படுத்துகிறது என்றே பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்தவுடன் தடுமாறுவது, நம் ஊரில் பரவலாக எழுதித் தரப்படும் 0.01 விழுக்காட்டு அட்ரோபின். அதற்குப் பெயர் வாங்கித் தந்தது 2012இல் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வு. அதன் தொடர்ச்சியாக 2014இல் வந்த முடிவுகளில், அடர்த்தி மிகுந்த சொட்டை நிறுத்தியதும் பவர் விரைந்து ஏறியது; 0.01இல் அந்தத் தொல்லை மிகக் குறைவாக இருந்தது, பக்க விளைவும் அரிது. ஆனால் அந்த ஆய்வில் மருந்தில்லாச் சொட்டு பெற்ற குழுவே இல்லை. அத்தகைய குழுவையும் சேர்த்து ஹாங்காங்கில் நடத்தப்பட்டு 2019இல் அச்சான ஆய்வில், முதல் ஆண்டில் பவர் ஏறுவதை 0.05 விழுக்காட்டுச் சொட்டு 67 விழுக்காடும், 0.025 சொட்டு 43 விழுக்காடும், 0.01 சொட்டு 27 விழுக்காடும் குறைத்தன. கண் நீள்வதில் 0.01 குறைத்தது 12 விழுக்காடு மட்டுமே. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 0.01 சொட்டுக்கும் வெறும் சொட்டுக்கும் வேறுபாடே காணப்படவில்லை. எனவே சொட்டு மருந்துதான் என்று முடிவானால், 0.05 அல்லது 0.025 தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி என்றே கருதுகிறேன். அடர்த்தி கூடினால் கண்மணி சற்று விரியும், வெயிலில் கண் கூசும், சில குழந்தைகளுக்குக் கிட்டத்து எழுத்து மங்கும். நிறுத்தும்போது, அதுவும் சிறு வயதில் நிறுத்தும்போது, பவர் மீண்டும் வேகமெடுக்கக்கூடும் என்பதால் பெற்றோர் தாமாக நிறுத்தக் கூடாது.

கண்ணாடிப் பக்கம் கதை வேறு. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் ஹோயா நிறுவனமும் உருவாக்கிய மையோஸ்மார்ட், எஸ்ஸிலார் நிறுவனத்தின் ஸ்டெல்லெஸ்ட் ஆகிய இரண்டும் இந்தியாவிலும் கிடைக்கின்றன. இவற்றின் நடுப்பகுதி வழக்கமான கண்ணாடி போலத் தெளிவாகக் காட்டும்; அதைச் சுற்றியுள்ள நுண்ணிய வில்லைகள் ஒளியின் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னே குவித்து, இனி நீள வேண்டாம் என்ற குறிப்பைக் கண்ணுக்குத் தருகின்றன என்பது இவற்றின் அடிப்படைக் கருத்து. ஈராண்டு ஆய்வில் மையோஸ்மார்ட் கண் நீள்வதை 62 விழுக்காடு குறைத்தது. ஸ்டெல்லெஸ்ட்டை நாள்தோறும் 12 மணி நேரமாவது அணிந்த சீனக் குழந்தைகளிடம் அது ஏறத்தாழ 60 விழுக்காடாக இருந்தது. மருந்து இல்லை, தொற்று அச்சம் இல்லை. விலை மட்டும் சாதாரணக் கண்ணாடியைப் போலப் பல மடங்கு. பவர் மாறும்போது அந்தச் செலவு திரும்பவும் வரும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மையோஸ்மார்ட்டின் தெளிவான நடுவட்டம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலந்தான். ஃபிரேம் தளர்ந்து மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டால், குழந்தை அதன் மேல் விளிம்பு வழியாகவோ கண்ணாடிக்கு வெளியேயோ பார்க்கத் தொடங்கிவிடும். அப்படிக் கழியும் நேரம் பலன் தராத நேரம். காதுக் கொக்கியை இறுக்கித் தருவது கடையில் சில நிமிட வேலை, அதை மாதந்தோறும் செய்ய வேண்டும்.

இரவில் அணிந்து காலையில் கழற்றும் கடின லென்ஸ், கருவிழியின் வளைவைத் தற்காலிகமாகத் தட்டையாக்குவதால் பகலில் கண்ணாடியே வேண்டியதில்லை. ஹாங்காங்கில் 6 முதல் 10 வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் கண் நீள்வது 43 விழுக்காடு குறைந்தது. நீச்சலோ விளையாட்டோ பழகும் பிள்ளைக்கு இது பெரிய வசதி. ஆயினும் மூடிய கண்ணுக்குள் இரவெல்லாம் லென்ஸ் இருப்பதால் கருவிழித் தொற்று அரிதாக வந்தாலும் கடுமையாக வரும். லென்ஸையோ அதன் பெட்டியையோ குழாய்த் தண்ணீரில் ஒருமுறைகூடக் கழுவக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை ஒவ்வொரு நாளும் கண்காணிக்கப் பெரியவர் ஒருவர் இல்லாத வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பகலில் அணிந்து அன்றே எறிந்துவிடும் மைசைட் போன்ற மென் லென்ஸ் இதைவிடப் பாதுகாப்பானது.

பவரைக் குறைத்து எழுதித் தந்தால் ஏறாது என்ற பழைய வழி தவறானது. 2002இல் வெளியான மலேசிய ஆய்வில் அப்படிச் செய்த குழந்தைகளுக்குப் பவர் கூடுதலாகவே ஏறியது. வெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் தடுப்பதற்கே அதிகம் உதவுகிறது, வந்தபின் அதன் பங்கு சிறியது. ஆகவே கண்ணாடி போடாத தம்பி தங்கைகளை நாளும் இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் விட வேண்டும்.

என் வரிசையில் முதலிடம் சிறப்புக் கண்ணாடிக்கே. தொடங்கும் நாளிலேயே கண்ணின் நீளத்தை அளந்து எழுதி வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அதே கருவியில் மறுபடி அளக்க வேண்டும்; அந்த வயதுக்கு இயல்பான வளர்ச்சியைவிடக் கூடுதலாக நீண்டிருந்தால், கண்ணாடியைத் தொடர்ந்தபடியே 0.025 அல்லது 0.05 சொட்டைச் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம்.