சண்டை போடும் இரண்டு பூனைகள்: விட்டுவிடுவதா, பிரித்து வைப்பதா?

எங்கள் வளவில் ஆறு வீடு. போன வருடம் ஆனித் தேரோட்டத்தன்று எங்கள் பூனைகள் இரண்டும் ஒன்றையொன்று பிறாண்டிக் கிழித்துக்கொண்டபோது, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு யோசனை வந்தது. "விட்டுருட்டி, ரெண்டும் அடிச்சுக்கிட்டுத் தானா அடங்கிரும்" என்றார் எதிர்வீட்டு ஆச்சி. கடுவனுக்கு, அதாவது ஆண் பூனைக்கு, கருத்தடை அறுவை செய்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. கால்நடைக் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, ஒன்றை மச்சில் வைத்துப் பூட்டிவிட்டு முதலிலிருந்து பழக்கச் சொன்னாள். ப்ளக்கில் மாட்டும் ஒரு கருவி இருக்கிறதாம், அதிலிருந்து வரும் மணத்தில் பூனைகள் சாந்தமாகிவிடுமாம் என்றார்கள். மாத்திரை கொடுக்கலாம் என்றும் ஒரு பேச்சு. ஒன்றைச் சாக்கில் போட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டு வந்துவிடு என்றும் ஒரு குரல் கேட்டது.

இவற்றில் சிலவற்றை நான் செய்து பார்த்தேன். சிலவற்றைக் கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாம் ஒரே தராசில் வைக்கக் கூடியவை அல்ல. எந்தச் சண்டைக்கு எது என்று பார்த்தால்தான் ஒப்பீட்டுக்கே அர்த்தம் வரும்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. சுந்தரி மூவண்ணப் பெட்டை, நாலு வயது, கருத்தடை ஆனவள். செவலை கடுவன், இரண்டு வயது. குட்டியாக வந்த நாளிலிருந்து அவளோடு ஒரே பாயில் படுத்தவன். தேரோட்டத்தன்று வீடு நிறைய ஆட்கள். வெளியே மேளமும் வேட்டும் கூட்டத்தின் இரைச்சலும். ஒரு வேட்டுச் சத்தத்தில் ஜன்னலிலிருந்து துள்ளி விழுந்த சுந்தரி, எழுந்ததும் பக்கத்தில் நின்ற செவலை மேல் பாய்ந்துவிட்டாள். அவன் ஒன்றுமே செய்யவில்லை. பயமுறுத்தியது எதுவோ அது எட்டாத இடத்தில் இருந்தது, எட்டிய இடத்தில் இவன் இருந்தான். இப்படித் திசைமாறிப் பாயும் கோபம் பூனைகளிடம் சகஜம். மதில்மேல் வெளிக் கடுவன் ஒன்று வந்து உட்கார்ந்தாலும் இதே கதைதான். அதோடு முடிந்துவிட்டால் பரவாயில்லை. அடி வாங்கியவனுக்கு அவளைப் பார்த்தாலே மயிர் சிலிர்க்கும், அவன் சிலிர்ப்பதைப் பார்த்து அவள் சீறுவாள். இரண்டு வருடச் சிநேகம் ஒரே நாளில் போய்விட்டது.

விட்டுவிடுவது, பிரித்து வைப்பது

ஆச்சி சொன்னதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனமில்லை. அவர் பார்த்து வளர்த்த பூனைகள் அப்படித்தான் அடங்கின. ஆனால் அவை பாதி நாள் வெளியில் இருந்தவை. தொழுவம், வைக்கோல் படப்பு, ஓட்டுக்கூரை, அடுத்த தெரு என்று தோற்றவன் போக இடம் இருந்தது. நாய்களைப் போலச் சண்டைக்குப் பின் குழைந்து சமாதானம் செய்துகொள்ளும் வழக்கம் பூனைகளிடம் பெரிதாக இல்லை. விலகிப் போவதுதான் அவற்றின் சமாதானம். கதவைச் சாத்திய வீட்டில் விலகிப் போக வழி ஏது?

நான் மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். நாலாம் நாள் செவலையின் வாலடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், தொட்டால் அலறினான். பூனைப் பல் ஊசி மாதிரி. ஆழமாக இறங்கும், மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். அது வெளியே தெரிய இரண்டு மூன்று நாளாகும். வாலடியில் கடிபட்டிருந்தால் அந்தப் பூனை திருப்பி அடிக்கவில்லை, ஓடப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். இது தெரிந்தபோது எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. எய்ட்ஸ் போலப் பூனைகளுக்கு மட்டும் வரும் எதிர்ப்புச் சக்திக் குறைவு நோய் ஒன்று உண்டு (மனிதருக்குத் தொற்றாது). அது பரவுவதும் முக்கியமாக இந்த ஆழமான கடிகளால்தான்.

அதற்காக எல்லா மல்லுக்கட்டையும் பிரிக்க வேண்டியதில்லை. சத்தமில்லாமல், நகம் உள்ளே இருக்க, ஒரு முறை இது மேலே ஒரு முறை அது மேலே என்று புரண்டால் அது விளையாட்டு. அங்கே ஆச்சி சொல்வதுதான் சரி. காதை மடக்கிக்கொண்டு, அடித்தொண்டையில் உறுமி, ஒன்றே துரத்த மற்றொன்றே ஓடினால் விட்டுவிடக் கூடாது. அந்த நேரத்தில் நடுவில் கையை விடாதீர்கள். நான் சுளகை (முறத்தை) நடுவில் செருகுவேன். தலையணை, கனத்த போர்வை எதுவும் சரிதான். தண்ணீரை ஊற்றுவது, அடிப்பது, கத்துவது எல்லாம் பயத்தைக் கூட்டும். வந்த வலியையும் பயத்தையும் எதிரில் நிற்கும் பூனையோடு சேர்த்துத்தான் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். உங்களைக் கடித்துவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசி பூனைக்கடிக்கும் தேவைப்படலாம்.

இனி பிரித்து வைப்பது. ஒன்றை அறையில் பூட்டுவதோடு இது முடிவதில்லை. மறுபடி அறிமுகம் செய்வதுதான் இதில் உள்ள வேலை. செவலைக்கு மச்சு அறை, சுந்தரிக்குப் பட்டாசல் (கூடம்). தனித்தனித் தண்ணீர், தட்டு, மணல் தொட்டி. முதல் பத்து நாள் ஒன்றின் கண்ணில் மற்றொன்று படவே இல்லை. பழைய வேட்டியைக் கிழித்து அவள் கன்னத்தில் தேய்த்து அவன் படுக்கையில் போட்டேன், அவன் துணியை அவளிடம். பூனைக்கு உறவு என்பது முதலில் வாசனை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பூனையை வீட்டுப் பூனை அடையாளம் தெரியாமல் சீறுவதும் இதனால்தான்.

அப்புறம் மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் சோறு. உப்பில்லாமல் வேகவைத்த சாளை மீனை நாலடி தள்ளி வைத்தேன். நிம்மதியாகத் தின்றால் அடுத்த வேளை அரை அடி கிட்டே. அடுத்து கொசுவலைக் கதவு. நம் ஊர் வீடுகள் பலவற்றில் இது இருக்கிறது, இந்த வேலைக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. அதன்மேல் ஒரு சேலையைத் தொங்கவிட்டு, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். கடைசியாக, கயிற்றுக் குச்சியை ஆட்டி விளையாட்டுக் காட்டியபடி ஐந்து நிமிடம் நேருக்கு நேர். சீறினால் முந்தின படிக்குத் திரும்ப வேண்டும். எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. மூன்றாம் வாரம் யாரோ கதவைத் திறந்து போட்டுவிட, ஒரே பாய்ச்சலில் முதல் நாளுக்குத் திரும்பினோம்.

இதற்குக் காசு ஆகாது, பொறுமைதான் ஆகும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து பேரும் கதவைச் சாத்த வேண்டும். ஒற்றை அறை வீடாக இருந்தால் காலையில் ஒன்று உள்ளே, மற்றொன்று குளியலறையிலோ பெரிய கூண்டிலோ, மாலையில் மாற்றி என்று முறை வைக்கலாம். அது கடினம்தான், செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் பயத்தில் பிறந்த சண்டைக்கும், புதுப் பூனை வந்ததால் வரும் சண்டைக்கும் என் கணக்கில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

அறுவை, மணக்கருவி

கடுவனோ பெட்டையோ கருத்தடை ஆகாமல் இருந்தால் வேறு யோசனைக்கு முன் அதைச் செய்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பத்துக் கடுவன்களில் ஏறக்குறைய ஒன்பதுக்கு, அறுவைக்குப் பின் ஊர் சுற்றுவதும், கடுவனோடு கடுவன் மோதுவதும், சுவரில் மூத்திரம் பீச்சுவதும் குறைந்துவிடும். மறுநாளே குறையாது. உடம்பில் ஓடுகிற ஹார்மோன் வடிய சில வாரம் ஆகும், பழகிப்போன பழக்கம் மறைய அதைவிடக் கூட நாளாகும். ஐந்தாறு மாதத்திலேயே செய்துவிட்டால் அந்தப் பழக்கமே வருவதில்லை. செவலைக்கு நான் இரண்டு வருடம் தள்ளிப் போட்டிருந்தேன், கதவு நிலையில் பீச்சவும் தொடங்கியிருந்தான். இப்போது சீழுக்கு வைத்தியம் முடிந்து உடம்பு தேறியதும் அதையும் முடித்தோம். பீச்சுவது நின்றது. சுந்தரியைக் கண்டு அஞ்சுவது நிற்கவில்லை. அண்ணாச்சி சொன்ன வைத்தியம் நல்ல வைத்தியம்தான், ஆனால் அது வேறொரு சண்டைக்கானது.

மணக்கருவி வேறு வகை. பால் கொடுக்கும் தாய்ப்பூனையின் மடிப்பக்கம் சுரக்கும், குட்டிகளை அமைதிப்படுத்தும் பொருளைப் போலச் செயற்கையாகச் செய்து காற்றில் பரப்புகிறார்கள். நம் மூக்குக்குத் தெரியாது. 2019-ல் வெளிவந்த, 45 வீடுகளில் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், மருந்தில்லாத வெறும் கருவி மாட்டிய வீடுகளைவிட இது மாட்டிய வீடுகளில் சண்டை அதிகம் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பூனைகளை நடத்தும் முறையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கருவி தனியாக நின்று வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு நம் வீடுகளை யோசித்துப் பாருங்கள். நடுவில் முற்றம், எல்லா ஜன்னலும் திறப்பு, சித்திரை வெயிலில் இரண்டு ஃபேன் சுற்றுகிறது. பரப்பியது எங்கே நிற்கும்? மாதத்துக்கு ஒரு தரம் மருந்துக் குப்பியையும் மாற்ற வேண்டும். சாத்திய அறையும் கையில் காசும் இருந்தால் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அறுவையா இதுவா என்று ஒருவர் கேட்டால், அந்தக் காசை அறுவைக்குச் செலவிடச் சொல்வேன்.

அதற்குப் பதில் என்று நீலகிரித் தைலத்தையோ வேறு வாசனைத் தைலங்களையோ ஆவியாக விட்டுவிடாதீர்கள். பூனைக்கு அவை நஞ்சு.

வீட்டை மாற்றி அமைப்பது

இது யாரும் சொல்லாத யோசனை. எனக்குக் கடைசியில்தான் பிடிபட்டது.

பூனைகள் சண்டை போடும்போது சத்தம் வருமென்று நினைக்கிறோம். பெரும்பாலான சண்டைக்குச் சத்தமே கிடையாது. அடுக்களைக்குப் போகும் நடையில் சுந்தரி சும்மா படுத்திருப்பாள். கண் மட்டும் செவலை மேல் இருக்கும். அவன் தட்டு அந்தப் பக்கம். ஒரு நிமிடம் நிற்பான், திரும்பிப் போய்விடுவான். நாங்கள் அதை "இன்னைக்கு ரெண்டும் சமத்தா இருக்கு" என்று பேசிக்கொண்டிருந்தோம். அவன் பட்டினியாகத் திரும்பினான் என்பது எடை குறைந்த பிறகுதான் தெரிந்தது. இப்படி நெருக்கடியில் இருக்கிற பூனைக்கு மூத்திரப்பை அழற்சியும் வரும். கடுவன் தொட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, சொட்டுக்கூட வரவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

அதனால் எண்ணிக்கையைக் கூட்டினோம். பூனை இரண்டு என்றால் மணல் தொட்டி மூன்று, அதுவும் வரிசையாக இல்லாமல் வேறு வேறு மூலையில். சலித்த கட்டட மணலே போதும். ஒரு தட்டிலிருந்து மற்றத் தட்டு தெரியக் கூடாது. தரையில் இடம் போதாவிட்டால் உயரத்தில் கொடுங்கள். பரணில் ஒரு சாக்கு, அலமாரி மேல் ஒரு அட்டைப்பெட்டி. எந்த ஒளிவிடத்துக்கும் இரண்டு வழி இருக்கட்டும். தார்சா (வராந்தா) ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டிவிட்டோம், மதில்மேல் வரும் வெளிக் கடுவன் கண்ணில் படாமல் இருக்க.

பிரித்து வைப்பதற்கு இது மாற்று ஆகாது. ஆனால் இதைச் செய்யாமல் ஏழு வாரம் பழக்கி, பழைய வீட்டுக்குள்ளேயே இரண்டையும் திறந்துவிட்டால் பழைய சண்டைதான் காத்திருக்கும். கொஞ்சம் உரசல் மட்டும் உள்ள வீடுகளுக்கு இது ஒன்றே போதுமானதாகவும் இருக்கலாம்.

மாத்திரை

மனப்பதற்றத்துக்குப் பூனைகளுக்கும் மாத்திரை உண்டு. ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவை பலன் காட்ட நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கால்நடை மருத்துவர் உடம்பைப் பார்த்து அளவு சொன்னால் மட்டும் கொடுக்கலாம், அதுவும் பழக்குகிற வேலையோடு சேர்த்து. நம் வீட்டு மாத்திரைப் பெட்டியிலிருந்து ஒன்றும் வேண்டாம். பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

மருத்துவர் என்றதும் ஒன்று. நன்றாக இருந்த பூனை திடீரென்று கடுகடுக்கத் தொடங்கினால், பல்வலியோ மூட்டுவலியோ இருக்கலாம். மேலே சொன்ன எதையும் தொடங்குமுன் ஒரு தரம் உடம்பைக் காட்டிவிடுங்கள். திருநெல்வேலிப் பக்கம் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

வேறு வீடு, ஆற்றங்கரை

சில ஜோடிகள் எதற்கும் ஒத்துவராது. மாதக்கணக்கில் முயன்றும் ஒன்று கட்டிலுக்கடியிலேயே வாழ்கிறது என்றால், அதற்கு இன்னொரு வீடு தேடுவது அதன்மேல் உள்ள அன்பினால்தான். வேறு பூனை இல்லாத வீடாக, தெரிந்த மனிதர்களாகப் பார்த்து, அதன் துணி, தட்டு, தொட்டியோடு அனுப்ப வேண்டும். என் தங்கை அம்பாசமுத்திரத்தில் செவலைக்கு இடம் வைத்திருந்தாள். எட்டாவது வாரம் வரை பார்ப்போம் என்று கெடு வைத்துக்கொண்டுதான் நான் இருந்தேன்.

சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடுவதை இதோடு சேர்த்துப் பேசவே கூடாது. வீட்டுச் சோறு தின்ற பூனைக்குத் தெரியாத கரையில் தெருநாய்களும் பசியும்தான் காத்திருக்கும். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் கூட. அந்த யோசனையைச் சொன்னவரிடம் இதை நேரிலேயே சொன்னேன்.

செவலை இப்போது எங்களோடுதான் இருக்கிறான். அவனும் சுந்தரியும் ஒரே பாயில் படுப்பதில்லை. முற்றத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சாளை வெந்தால் மட்டும் இரண்டும் அடுக்களை வாசலில் ஓரடி இடைவெளியில் உட்காருகின்றன. இந்த வருடம் தேருக்கு முந்தின ராத்திரியே அவனை மச்சிலும் அவளை உள்ளறையிலும் விட்டு, ஜன்னலுக்குக் கனத்த போர்வை போட்டு, தேர் நிலைக்கு வந்து தெரு அடங்கிய பிறகுதான் கதவைத் திறந்தேன்.