ஆரஞ்சில் இரண்டு ஜெர்சி

பழைய கால்பந்து ஜெர்சிகளை அதே மாதிரி தைத்து விற்கும் ஓர் இணையக் கடையில் இரண்டு வாங்கினேன். ஒன்று 1974 உலகக் கோப்பையில் நெதர்லாந்து போட்டது, மற்றது 1992-ல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பார்சிலோனா போட்டது. இரண்டும் ஆரஞ்சு. முதலாவதில் நெதர்லாந்தின் நட்சத்திர ஆட்டக்காரர் யோஹான் க்ரைஃப் ஆடினார். இரண்டாவதைப் போட்டவர்களை மேனேஜராக ஆட்டுவித்தார்.

1974 பார்சலைப் பிரித்ததும் முதலில் கையைத்தான் பார்த்தேன். க்ரைஃபின் ஜெர்சி என்று வாங்கியதில் தோளிலிருந்து மூன்று கறுப்புக் கோடு! அணிக்கு ஜெர்சி கொடுத்தது அடிடாஸ், அதன் அடையாளமான மூன்று கோடு மற்றவர்களுக்கு. க்ரைஃபுக்கோ அதன் போட்டி நிறுவனமான பூமாவோடு ஒப்பந்தம். மூன்று கோடு போட மாட்டேன் என்று அடம்பிடித்து இரண்டு கோட்டோடுதான் ஆடினார். கடைக்கு எழுதினால், "ஒரு கோடு கூடத்தானே இருக்கிறது" என்று பதில். பழைய படத்தை அனுப்பி, விளக்கி, ஒன்பது நாள் கழித்து சரியானது வந்தது. மாற்றித் தரக் காசு கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

துணி கனமான பருத்தி. முதுகில் 14 ஒட்டியதல்ல, தைத்தது; நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். முதல் துவையலிலேயே இரண்டு விரல் நீளம் சுருங்கியது, ஒரு சைஸ் கூட்டியே வாங்குங்கள். அந்த அணியில் எண்களைப் பெயர் வரிசைப்படி கொடுத்தார்கள், அதனால்தான் கோல்கீப்பர் யோங்புளூட் முதுகில் 8. க்ரைஃப் மட்டும் தன் பழைய நெதர்லாந்து கிளப் அயாக்ஸில் ராசியான 14-ஐ விடவில்லை. மியூனிக் இறுதி ஆட்டத்தில், மேற்கு ஜெர்மனி பந்தைத் தொடுவதற்கு முன்பே உள்ளே புகுந்து பெனால்டி வாங்கித் தந்தார். கடைசியில் 2-1 என்று தோற்றார்கள், அது இன்னும் ஆறவில்லை.

சரி, 1992. மேனேஜருக்கு ஏது ஜெர்சி, ஏது நம்பர்? ஆகவே அந்த அணியில் ஆடிய கூமனின் 4-ஐ எடுத்தேன். பளபளக்கும் பாலியெஸ்டர், பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். நெஞ்சில் விளம்பரம் கிடையாது, அன்றைக்கு பார்சிலோனாவுக்கு இல்லைதான். தையல் சுத்தம். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 1974 ஆரஞ்சு பழுத்த நிறம், இது கொஞ்சம் வெளிறல்.

லண்டன் வெம்பிளியில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் இத்தாலிய கிளப் சாம்ப்டோரியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கூமன் ஃப்ரீ கிக்கை உள்ளே அடித்ததும், க்ரைஃப் விளம்பரப் பலகையைத் தாண்டத் திணறுவார். ஆடிய காலத்தில் தடுப்பாட்டக்காரர்களை அலட்சியமாகக் கடந்தவர்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். பார்சிலோனாவின் முதல் ஐரோப்பியக் கோப்பை அது. கோப்பை வாங்கும் முன் எல்லாரும் கிளப்பின் வழக்கமான நீலச் சிவப்புக்கு மாறிவிட்டார்கள், அந்தப் படங்களில் இந்த ஜெர்சியைத் தேடாதீர்கள்.

எது வாங்கலாம் என்று கேட்டால், போட்டுக்கொள்ள 1974, மாட்டி வைக்க 1992. ஆடியவராக அயாக்ஸுக்கு மூன்று ஐரோப்பியக் கோப்பை என்பது பலருக்கும் தெரியும். எனக்கு மேனேஜர் க்ரைஃபைத்தான் அதிகம் பிடிக்கும். 1985-ல் அயாக்ஸில் தொடங்கும்போது பயிற்சியாளர் சான்றிதழே இல்லை, டெக்னிக்கல் டைரக்டர் என்று பெயர் போட்டுச் சமாளித்தார்கள். பார்சிலோனாவில் 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டம். நடுவில் இதய அறுவை சிகிச்சை. சிகரெட்டை விட்டு, பெஞ்சில் லாலிபாப்பைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்து ஃபெயெனூர்ட் ஜெர்சி வாங்க ஆசை. 1983-ல் அயாக்ஸ் ஒப்பந்தத்தை நீட்டிக்காத கோபத்தில், அவர்களுடைய பரம எதிரியான ஃபெயெனூர்டிடம் போய் ஒரே சீசனில் லீக்கும் கோப்பையும் ஜெயித்துக் கொடுத்தார். கடையில் இப்போது "இருப்பு இல்லை" என்று காட்டுகிறது. வந்தால் இதே கடையில்தான் வாங்குவேன், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு.